மிஷின் ஓடாத நாள்

எங்கள் முதலாளி வரதன் நல்லவர்தான். இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிப் போகும். ஆனால் செய்கிற நல்லதை நாலு பேர் பார்க்கச் செய்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் போல்ட், நட்டு செய்யும் கம்பெனி. நான் பேக்கிங்கில் இருக்கிறேன். என் கணவர் ஃபயாஸ் முதுகு வலிக்கென்று மாத்திரை போட ஆரம்பித்து, கடைசியில் மாத்திரைக்காகவே உயிரோடு இருந்தவர். சிகிச்சை முடிந்து அவர் வந்ததும் வரதனிடம்தான் போய் அழுதேன். மறுபேச்சில்லாமல் பிரஸ் மிஷினில் சேர்த்துக்கொண்டார். அந்த வேலை போனால் மனிதர் பழையபடி ஆகிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜையன்று மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. பொரி கொடுத்து முடித்ததும் வரதன் முதலுதவிப் பெட்டியின் சாவியைத் தூக்கிக் காட்டினார். அடிபட்டவர்களுக்குக் கொடுக்கும் வலி மாத்திரையெல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருக்கும்.

"இனிமே இது ஃபயாஸாண்ட இருக்கும். எனக்கு அவ்ளோ நம்பிக்கை. இந்தா, புடிப்பா."

எல்லோரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் கையை நீட்டவில்லை.

"வேணாம் சார். மிஷின் ஓடுற நேரத்துலதான் எனக்கு அந்த நெனப்பு வராது. இன்னிக்கு மிஷின் நின்னுகினு கீது. காலைலேர்ந்து அந்தப் பெட்டியத்தான் பாத்துக்கினு கீறேன்."

வரதன் முகம் சுருங்கிவிட்டது. போச்சு, வாயைக் கொடுத்து வேலையைக் கெடுத்துக்கொண்டாரே இந்தப் பாவி என்று பதறினேன்.

"அப்போ உம் பொண்டாட்டி நஜ்மாவாண்ட குடுக்கட்டா?" என்றார் வரதன் வெடுக்கென்று.

"அவளாண்டயும் வேணாம் சார். ஊட்ல என்னக் காவ காத்தே எளச்சிட்டா. இங்கயாச்சும் நிம்மதியா வேல செய்யட்டும்."

இவர் குளிக்கப் போகும்போதெல்லாம் நான் சட்டைப் பையைத் துழாவியது இவருக்குத் தெரிந்தேயிருக்கிறது. அத்தனை பேர் முன்னால் எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இவர்மேல் ஆசையாகவும் இருந்தது.

வரதன் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கும் மிஷின் ஓடாது, எல்லாருக்கும் லீவு. ஃபயாஸுக்கு மட்டும் கெடையாது. காலைல வந்து குடோன சுத்தம் பண்ணணும். நானும் வருவேன்."

சாவியை வாங்காததற்குத் தண்டனை என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள்.

"எத்தினி மணிக்கு சார்?" என்று இவர் ஆவலாகக் கேட்டார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.