பேய் வரலாம், லிப்ட் விழக்கூடாது

"பேய் வந்தா ஒத்துக்குவீங்க, லிப்ட் விழுந்தா ஒத்துக்கமாட்டீங்களா? நீங்க என்ன லிப்டுக்கு மாமனா மச்சானா?"

மூன்றாம் மாடித் தையல்காரி லிப்ட் வாசலில் நின்று லிப்ட் மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தினாள். நான் குப்பைக் கூடையோடு வெளியே வந்தேன். கூடை காலிதான், அதனால் என்ன?

விஷயம் இதுதான். அவள் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் வாரம் ஒரு அத்தியாயம் கதை போடுகிறாள். லிப்டுக்குள் வாழும் மணப்பெண் பேய். அதைக் காதலிக்கும் ஒருவன். ஒன்பதாம் அத்தியாயத்தில் கயிறு அறுந்து லிப்ட் விழ, அவன் செத்துப் பேயோடு சேர்ந்துவிட்டான். நாங்களெல்லாம் அழுது முடிப்பதற்குள் லிப்ட் மெக்கானிக் எழுதினார்: "கயிறு ஒன்றல்ல, ஐந்து. ஐந்தும் அறுந்தாலும் பெட்டி இருபக்கமும் உள்ள தண்டவாளத்தைப் பிரேக்கால் கவ்விக்கொண்டு நின்றுவிடும். நம்பமுடியவில்லை." அதன் கீழே பதினான்கு பேர் சிரித்துவைத்தார்கள்.

"பேயை நான் பாத்ததில்ல தங்கச்சி, நீங்க சொன்னா நம்பத்தான் வேணும். லிப்டுக்குள்ள தெனம் தலைய விடுறவன் நான்."

"இனிமே ஒரு வரி எழுதமாட்டேன், போதுமா அண்ணே?"

அவர் முகம் வாடிவிட்டது. "அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. காத்துக் காத்து மெலிஞ்சு, அந்தப் பொண்ணு கல்யாண உடுப்பை மூணாவது தடவையா இடுப்புல பிடிச்சுத் தைக்கிறா பாருங்க, அங்கயே நான் பேயை நம்பிட்டேன்."

அவள் கத்துவதை விட்டு அவர் பக்கம் வந்தாள். தைப்பது அவளுக்குத் தெரிந்த வேலை. யாரும் அதுவரை பாராட்டாத பத்தி.

"அவன் சாகலேன்னா ரெண்டு பேரும் எப்படிண்ணே சேருவாங்க?"

"அது எனக்குத் தெரியாது. பெட்டி எப்படி நிக்கும்னு காட்டுறேன், வாங்க."

மொட்டைமாடி இயந்திர அறைக்குப் போனார்கள். எனக்கும் காயப்போட ஏதோ துணி இருந்தது. அவள் பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அரைமணி நேரம் கேள்வி கேட்டாள்.

திருத்திய அத்தியாயத்தில் லிப்ட் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நின்றது. நாற்பது நிமிடம் இருவரும் பேசினார்கள். கதவு திறந்ததும் பேயே அவனை வெளியே தள்ளிவிட்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் எழுதியது ஒரே சொல்: "நிற்கும்."

மறுவருடம் அவள் கப்பலில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவரைக் கட்டிக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் குடிபோனாள். மெக்கானிக்கும் பிள்ளைகுட்டிகளோடு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். இப்போது கப்பல் கதை எழுதுகிறாளாம். முதல் அத்தியாயத்திலேயே புருஷன் பதினேழு தப்பு கண்டுபிடித்து, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லையாம்.