நார்வேயிலிருந்து ஒரு போன்

போலீஸ் ஸ்டேஷனில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். வசந்தகுமார் என்று யாரையும் இங்கே கொண்டுவரவில்லை. பென்னலூரில் அவனை ஜீப்பில் ஏற்றியதைத் தெருவே பார்த்திருந்தது. புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கம்பெனிக் கட்டடம் ஒன்றில் செம்புக் கம்பி காணாமல் போயிருந்தது. அவன் அங்கே வயரிங் வேலை செய்தவன்.

காந்திமதிக்கு அவன் கொழுந்தன். அவள் புருஷன் நாகப்பனையும் இதே ஸ்டேஷனுக்குத்தான் முன்பு விசாரணை என்று அழைத்துப்போனார்கள். நெஞ்சுவலி என்று சொல்லி உடம்பைத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அதனால் இந்தமுறை அவள் ஸ்டேஷன் வராந்தாவை விட்டு நகரவில்லை. ஐப்பசி மழை உள்ளே அடித்தாலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அங்கேயே கிடந்தாள். இவனையாவது உயிரோடு பார்த்துவிட வேண்டும்.

மெட்ராஸில் வக்கீல் ஷெர்லின் அவளுக்காக ஹைகோர்ட்டில் மனுப் போட்டிருந்தார். அப்படி யாரும் இல்லை என்று போலீஸ் அங்கேயும் எழுதிக் கொடுத்தது. உடனே ஷெர்லின், சித்திரவதைக்கு எதிராக லண்டனில் இயங்கும் ஒரு சங்கத்துக்குச் செய்தியையும் ஸ்டேஷன் நம்பரையும் அனுப்பிவைத்தார்.

அதன்பிறகு சங்கத்து ஆட்கள் நாடு நாடாகக் கூப்பிட, ஸ்டேஷனில் இருந்த கறுப்பு போனுக்கு ஓய்வே இல்லை. ஜெர்மனி என்றார்கள், ஜப்பான் என்றார்கள். யாரோ ஒரு பள்ளி வாத்தியார், யாரோ ஒரு பாதிரியார். எல்லோரும் வசந்தகுமாரைத்தான் கேட்டார்கள். ஒரு வண்டி ஆக்சிடென்டைச் சொல்லக்கூட லைன் கிடைக்காமல் இன்ஸ்பெக்டர் கத்தினார். போனெடுக்கும் வேலை கான்ஸ்டபிள் அண்ணாதுரையின் தலையில் விழுந்தது. "நோ சச் பர்சன்" என்று மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அன்று காலையில் இன்ஸ்பெக்டர் வெளியே போயிருந்தார். போன் வந்தது. நார்வேயிலிருந்து வயதான ஓர் அம்மாள் பேசினார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் அதட்டவில்லை, சட்டம் பேசவில்லை. வசந்தகுமார் எப்படி இருக்கிறான் என்று மட்டும் மெதுவாகக் கேட்டிருக்கிறார். வீட்டு மனுஷரைப் பற்றி ஒருவர் இப்படி விசாரித்தால் நம்மவர் வாயில் தானாக வரும் பதில்தான் அண்ணாதுரைக்கும் வந்தது.

"ஃபைன் மேடம். ஈட்டிங் இட்லி மேடம்."

சொன்னபிறகுதான் அவருக்கு உறைத்தது. ரிசீவரை வைக்காமல் அப்படியே நின்றார். காந்திமதி எழுந்து வாசற்படிக்கு வந்தாள். பத்தாவது வரை படித்தவளுக்கு அந்த இங்கிலீஷ் போதும்.

"இன்னாண்ணே, யாரு இட்லி துன்னது?"

"நீ போய் ஒக்காரும்மா."

"இல்லாத ஆளுக்கு எந்தக் கடையில வாங்கினீங்க?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. பஜாரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி ஷெர்லினிடம் சொன்னாள். நார்வே அம்மாளும் சும்மா இருக்கவில்லை. தன் காதில் விழுந்த பதிலை அப்படியே தந்தியாக வக்கீலுக்கும் டெல்லி சர்க்காருக்கும் அடித்திருந்தார். ஷெர்லின் அதை நீதிபதியின் முன்னால் வைத்தார்.

மறுநாள் கோர்ட் உத்தரவோடு மாஜிஸ்திரேட் வந்து இறங்கினார். பின்கட்டு அறைக்குச் சாவி இல்லை என்றார் இன்ஸ்பெக்டர். உடைத்துவிடலாமா என்று மாஜிஸ்திரேட் கேட்டதும் சாவி வந்துவிட்டது.

வசந்தகுமார் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். பாதங்கள் வீங்கியிருந்தன. யார் அடித்தது என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

காந்திமதி அவன் பக்கத்தில் போய் நின்றாள். "சொல்றா. உங்க அண்ணனுக்குக் கேக்க ஆள் இல்ல. ஒனக்குக் கீறாங்க."

அவன் சட்டையைத் தானே கழற்றினான். கையை நீட்டி, அடித்த போலீஸ்காரர்களை ஒவ்வொருவராகக் காட்டினான். கடைசியில் இன்ஸ்பெக்டரையும் காட்டினான். மாஜிஸ்திரேட்டோடு வந்த குமாஸ்தா எழுதிக்கொண்டே வந்தார். அன்று மாலையே இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். நாகப்பனின் சாவையும் விசாரிக்கச் சொல்லி அடுத்த வாரம் உத்தரவு வந்தது.

அவனை வெளியே கொண்டுவந்த அன்று, ஸ்டேஷன் வாசலில் நின்ற ஆஸ்பத்திரி வேனில் அவள் மடியில் தலை வைத்துப் படுத்தபடி வசந்தகுமார் சொன்னான்: "போன் வந்தா வுட்டுட்டு ஓடுவாங்க அண்ணி. அந்த நேரத்துலதான் மூச்சு வுட்டுக்குவேன். யாரு அவங்கல்லாம்?"

"தெரியாதுடா," என்றாள் காந்திமதி. வெளியே பஜாரே கூடி நின்றிருந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று ஜன்னல் திரையை முழுக்க விலக்கிவிட்டாள்.