மாமா குதிகாலில் குடியிருந்த புழுக்கள்

“அய்யோ மாமா, காலை ஆட்டாதீங்க! ஒண்ணு தவறினாலும் என் ஆராய்ச்சியே காலி!”

“கூசுதுடி பூச்சி! குதிகால்ல ஒரு ஊரே குடியிருந்தா நீ சும்மா இருப்பியா?”

மாமா பேருந்து ஓட்டுநர். சர்க்கரை வியாதியால் குதிகால் புண் ஆறாமல் அடம்பிடிக்க, மருத்துவர் அதில் புழு வைத்துக் கட்டியிருந்தார். அழுகிய சதையை மட்டும் தின்கிற, சுத்தமாக வளர்த்த ஈப்புழுக்கள். வைத்தபோது குருணை மாதிரி இருந்தவை இப்போது கொழுகொழுவென்று நெளிந்தன. நர்ஸ் இடுக்கியால் எடுத்துப் போட, குப்பியை ஏந்திக்கொண்டிருந்தாள் மாமாவின் அக்கா மகள். வீட்டில் அவளுக்குப் பூச்சி என்றுதான் பெயர்.

புழுவின் எச்சிலில் புண்ணை ஆற்றும் புரதம் ஒன்று உண்டு. அதை உண்டாக்கும் ஜீன் இதுதான் என்று ஒன்றைக் குறிவைத்து ஆராய்ந்துகொண்டிருந்தாள் பூச்சி. அதுவோ, ஆய்வகத் தட்டில் வளர்த்த புழுக்களில் வேலையே செய்யாமல் தூங்கிக் கிடந்தது. “இந்தத் தடவையும் ஒண்ணும் வரலேன்னா வேற தலைப்பு எடுத்துக்கம்மா” என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

“இனி இதுங்கள என்ன பண்ணுவ?”

“ராத்திரி பூரா பட்டினி போடுவோம் மாமா. வயித்துல தீனி இல்லாம இருந்தாத்தான் சாம்பிள் சுத்தமா வரும். அப்புறம் உறைய வச்சு, அரைச்சு…”

“அடிப்பாவி! என் காலைக் காப்பாத்தினவங்களுக்கு இதுதான் மரியாதையா? சாப்பிட்ட வாயோடயாவது அனுப்பி வைடி!”

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். பூச்சிக்குச் சிரிப்பு வரவில்லை, பொறி தட்டியது. தின்பதற்குத்தானே எச்சில்? ராத்திரி முழுக்கப் பட்டினி கிடக்கிற புழு எதற்கு எச்சில் சுரக்கப்போகிறது? சுத்தம் சுத்தம் என்று, தேடுகிற பொருளையே அல்லவா இத்தனை நாளும் துடைத்துப் போட்டிருக்கிறாள்!

குப்பியை மூடி, ஸ்கூட்டரை முறுக்கி, ஆய்வகத்துக்குள் புயலாக நுழைந்தாள். வயிறு நிறைந்த புழுக்களை அப்படியே உறைய வைத்தாள்.

மறுநாள், ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கோடு, இத்தனை நாள் தரையோடு படுத்துக் கிடந்தது, கணினித் திரையில் விறுவிறுவென்று மேலே ஏறியது. அவள் போட்ட சத்தத்தில் பேராசிரியர் ஓடி வந்தார்.

“பிரமாதம்மா! தலைப்பை மாத்த வேண்டாம், இதையே பண்ணு. ஆனா, ஜீன் முழிச்சது வயிறு நிறைஞ்சிருந்ததாலயா, இல்ல நிஜப் புண்ணுல இருந்ததாலயா? பாதியைப் பட்டினி போட்டுப் பார்த்தியா?”

பூச்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவசரத்தில் அத்தனையையும் உறைய வைத்தாயிற்று.

மாலையில் மாமாவைப் பார்க்கப் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச்சதை எட்டிப் பார்த்தது. இன்னொரு முறை புழு வைத்தால் போதுமாம்.

“நல்லதாப் போச்சு! இந்தத் தடவை பாதிப் பேரைப் பட்டினி போட்டுக்க” என்றார் மாமா. “எந்தப் பாதின்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத, மனசு தாங்காது. ஆனா எழுதி வச்சுக்க, எல்லாம் வயிறு பண்ற வேலைதான்.”

பேராசிரியரோ புண்தான் என்று அடித்துச் சொல்கிறார். பூச்சி காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் ஒரு கட்சி. வயிறா, புண்ணா? நீங்க என்ன நினைக்கிறீங்க, சொல்லுங்களேன்?