சேவர் விழுந்த நாள்

அழகரத்தினத்தின் தலைமாட்டில் இருந்த குத்துவிளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த பாலசுந்தரிக்கு, சுற்றியிருந்த பெண்களின் ஒப்பாரியைவிட, அறைக்குள் இரைந்துகொண்டிருந்த கொம்பியூட்டரின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. நேற்றுப் பின்னேரம் அதன் முன்னால் கதிரையில் இருந்தபடியேதான் மனிதர் சரிந்தார். ஆளைத் தூக்கி வந்து ஹோலில் கிடத்தினார்களே தவிர, மெசினை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது, ஆனால் எதை அமத்துவது என்று தெரியவில்லை.

பழுகாமத்தில் போனும் கொம்பியூட்டரும் திருத்தும் கடை வைத்திருந்தவர் அவர். கடையைப் பூட்டிவிட்டு வந்தால் கப்பல் விளையாட்டுத்தான். எங்கெங்கோ இருக்கிறவர்களோடு இன்டர்நெட்டில் அணி சேர்ந்து, கப்பல் ஓட்டிச் சண்டை பிடிக்கிற விளையாட்டு. ஆற்றங்கரைப் பக்கம் சிக்னல் சரியில்லை என்று றவுட்டரைத் தண்ணீர்த் தாங்கிக் கம்பத்தின் உச்சியில் கட்டி வைத்திருந்தார். ஐம்பது தாண்டியும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு குண்டு போடுகிற புருசனை வைத்து அயல் பெண்கள் பாலசுந்தரியைப் பகிடி பண்ணாத நாள் இல்லை. "சாராயத்துக்கு இது பறவாயில்லகா" என்று சொல்லி அவளும் சிரித்துவிடுவாள்.

அவர் பேசுவது மட்டும்தான் அவளுக்குக் கேட்கும். "உன்ட பிங் கூடிப் போச்சு, சிக்னல் பிந்தி வருது, றவுட்டர ஒருக்கா நிப்பாட்டிப் போடு." "அப்டேட் பாதியில நிண்டா அத அழிச்சுப்போட்டுத் திரும்ப இறக்கு." "நிழலெல்லாத்தையும் நிப்பாட்டு, கிராபிக்ஸக் குறை, படம் வெட்டாது." எந்த ஊர்ப் பெடியனுக்கோ ஓசியில் வைத்தியம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணியை வைத்துவிட்டு வருவாள்.

வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. ஒப்பாரி சட்டென்று தணிந்தது. இறங்கியது மகள் கம்சாயினி. அவளுடைய புருசன் சிவதர்சன் வேலிக் கடப்படியிலேயே நின்றுகொண்டான்.

சிவதர்சனிடம் ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. அவனும் கம்சாயினியும் ஒரே குடி. இந்தப் பக்கத்தில் குடி தாய்வழியில் வருவது. ஒரே குடியில் பிறந்தவர்கள் ஒருவரையொருவர் முன்பின் கண்டிராவிட்டாலும் அண்ணன் தங்கச்சி முறை. அண்ணனைக் கட்டினவள் என்று ஊர் காறித் துப்பியது. மகளின் குடி என்றால் அது பாலசுந்தரியின் குடிதானே, வெட்கமும் அவளுக்குத்தான். அவளுடைய தமையன் வினாயகமூர்த்தி, கண்ணகை அம்மன் கோயிலில் அந்தக் குடிக்கு வண்ணக்கராக இருந்து கோயில் காரியம் பார்க்கிறவர். அவர் தங்கையையும் மச்சானையும் கோயில் வாசலுக்குக் கூட்டிப்போனார். இனி கம்சாயினியோடு வாய் திறந்து கதைப்பதில்லை என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைக்க வைத்தார். முதலில் அணைத்தது அழகரத்தினம்.

அதன் பிறகு ஒருநாள் மகளிடமிருந்து அழைப்பு வந்தபோது பாலசுந்தரி போனைக் காதுவரை கொண்டுபோய்விட்டாள். அவர்தான் பிடுங்கினார். "அம்மனுக்குக் குடுத்த சத்தியம். மறந்திட்டியா?" என்றார். இன்னொரு நாள் மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் "அம்மா" என்று கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்காமல் நடந்து பஸ்ஸில் ஏறினாள். பட்டிருப்புப் பாலம் தாண்டும்வரை முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னபோது, "நல்ல காரியம் செஞ்சாய்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

"ஆரு இவளுக்குச் சொன்ன?" வினாயகமூர்த்தி பந்தலுக்குள்ளிருந்து எழும்பி வந்தார். "தங்கச்சி, நீ சொன்னயா?"

"இல்லண்ண."

"அப்ப ஆரு?"

ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அந்த யோசனை பாலசுந்தரிக்கும் வந்தது. ஆனால் மகளின் முகத்தைக் கண்டதும் அது ஓடிப்போயிற்று. தாலி கட்டினவன் கிடக்கிறான், நெஞ்சுக்குள் ஒரு சந்தோசம் வந்து முட்டுகிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"தகப்பன்ட முகத்தப் பாக்கட்டும் அண்ண. அம்மன் கேட்டா நான் பதில் சொல்றன்."

கம்சாயினி தகப்பனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாலசுந்தரி அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள் பிள்ளை, முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. அழுகை ஓய்ந்த நேரத்தில் அறைச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அந்த அப்டேட் இன்னும் முடியல்லயாம்மா?" என்றாள்.

பாலசுந்தரியின் கை முதுகிலேயே நின்றுவிட்டது.

"எந்த அப்டேட்?"

பாலசுந்தரி மகளின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். திரையில் சாம்பல் நிறக் கோடு ஒன்று முக்கால்வாசி நிறைந்து அப்படியே நின்றது.

"உனக்கென்னண்டு தெரியும்?"

"நான்தான்மா அப்பாவோட விளையாடினது."

"எப்ப இருந்து?"

"நாங்க வவுனியாவுக்குப் போன கையோட. நான் வந்தாறுமூலையில கம்பஸ்ல படிக்கக்குள்ள லீவுக்கு வந்து நானும் அப்பாவும் இதிலதானே விளையாடுற. ஒருநாள் அவர்ட அணியில இடம் இரிந்திச்சு, போய்ச் சேர்ந்தன். ஆரெண்டு கேக்கல்ல. என்ட குரல் கேட்டதும் கொஞ்ச நேரம் சும்மா இரிந்தார். மறுகா, 'உன்ட பிங் கூட இரிக்கி, தூர ஊரா?' எண்டார். ஓம் எண்டன்."

"சத்தியம்?"

"அது கதைக்கிறதில்லையாம். கேம்ல கட்டள குடுக்கிறதாம். வீட்டுக் கத கதைக்கப்படாது, பேர் சொல்லிக் கூப்பிடப்படாது எண்டு அவர்தான் சொன்ன. அப்பா எண்டு நான் கூப்பிட்டா ஓம் எண்டுகூடச் சொல்லமாட்டார். பிங், அப்டேட், டிரைவர், அவ்வளவுதான். எங்கட மெசின் பழசு. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் படுத்திரும். அத எழுப்புறதுக்கே பாதி நேரம் போயிரும். எனக்கே செய்யத் தெரியும்மா. அவர் சொல்லட்டும் எண்டு சும்மா இரிப்பன்."

பாலசுந்தரி கட்டிலில் இருந்தாள். இந்த அறைக்குள் எத்தனை தரம் வந்து போயிருக்கிறாள். மனிதனின் இரண்டு காதிலும் மகள் இருந்திருக்கிறாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தேத்தண்ணிக் கோப்பையை வாங்குவார். பஸ் நிலையத்துக் கதையைச் சொன்ன அன்றும் இந்தக் கதிரைக்குத்தான் வந்திருக்கிறார்.

"நீங்க தேத்தண்ணி கொண்டு வாறது கேக்கும்மா," என்றாள் கம்சாயினி. "'ஆறப்போகுது, குடிங்க' எண்டு சொல்லுவீங்க. அதக் கேக்கத்தான் நான் அந்த நேரம் பாத்து வாற."

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். பாலசுந்தரியின் குரல் மகளுக்குப் போயிருக்கிறது. மகளின் குரல் அவளுக்கு மட்டும் வரவில்லை. சத்தியம் அவள் ஒருத்திக்குத்தானாம்.

"அவர்தான் அப்படி. நீ? உனக்கும் எனக்குச் சொல்லணும் எண்டு வரல்ல?"

"சொன்னா நீங்க அம்மனுக்குப் பயந்து மாமாட்டச் சொல்லிருவீங்க, மறுகா இதுவும் இல்லாமப் போயிரும் எண்டு அப்பா சொன்னவர்."

"நீ நம்பினாய்."

கம்சாயினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்தும் நீதானா?"

"ஓம்மா. அப்டேட் நிண்டிட்டு, என்ன செய்ய எண்டு கேட்டன். 'பொறு, என்டதும் நிக்கிது' எண்டார். அதோட சத்தம் இல்ல. லைன் வெட்டுது எண்டுதான் நினைச்சன். அப்பா வெட்டுது, கேக்கல்ல, கேக்கல்ல எண்டு சொல்லிக்கொண்டே இரிந்தன். றவுட்டரக்கூட நிப்பாட்டிப் போட்டன். திரும்ப லைன் வரக்குள்ள நீங்க கத்துறது கேட்டிச்சு."

யார் சொன்னது என்ற கேள்விக்கு விடை அதுதான். பாலசுந்தரியேதான் சொல்லியிருக்கிறாள், தன் வாயால், தனக்கே தெரியாமல். வெளியே பறைக்காரர் வந்துவிட்ட சத்தம் கேட்டது.

"வேற என்ன அவருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாதது வேற என்ன?"

கம்சாயினி மேசையிலிருந்த வயரை விரலில் சுற்றினாள், கழற்றினாள்.

"சொல்லு புள்ள."

"எனக்குப் புள்ள கிடைச்சிச்சும்மா. ஏழு மாசத்தில. உசிரில்லாம." அவள் வயரைப் பார்த்தபடியே சொன்னாள். "ஆஸ்பத்திரியால வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளைக்குப் பிறகு கேமுக்குப் போனன். ஏன் இவ்வளவு நாளும் காணல்ல எண்டார். சொன்னன். ஒண்டும் கதைக்கல்ல. மைக் திறந்துதான் கிடந்த, மூச்சு விடுறது கேட்ட. மறுகா, 'கிராபிக்ஸ இன்னும் குறைச்சுப் போடு, வெட்டாது' எண்டார். நான் குறைச்சன். விளையாடல்ல. ரெண்டு பேரும் கப்பல நிப்பாட்டிப்போட்டு இரிந்தம்."

"எப்ப?"

"போன வைகாசி. உங்கட பக்கம் அம்மன் கோயில் சடங்குச் சத்தம் கேட்ட."

பாலசுந்தரிக்கு அந்த நாள் தெரியும். சடங்குக்கு நேரமாகிறது என்று அவள் கூப்பிடக் கூப்பிட அவர் அறையை விட்டு வரவில்லை. பிறகு வந்தவர் கோயிலில் ஒரு தூணோடு இருந்தார். பொங்கலைக் கையில் வாங்கி அப்படியே வைத்திருந்தார். என்ன, முகம் இப்படிக் கிடக்கிறது என்று அவள் கேட்டாள்.

"சேவர் விழுந்திட்டு," என்றார்.

அவள் சிரித்தாள். எங்கோ ஒரு விளையாட்டு மெசின் நின்றுபோனதற்கு இவ்வளவு கவலையா என்று பக்கத்தில் இருந்தவளிடமும் சொல்லிச் சிரித்தாள். மகள் வெறும் வயிற்றோடு வவுனியாவில் இருந்தபோது தாய்க்காரி இங்கே சடங்குப் பட்டுடுத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். பேரப்பிள்ளை ஒன்று வந்து போயிருக்கிறது, தாத்தாவுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்து பொங்கல் தின்றவளுக்குத் தெரியாது.

கதவைத் தட்டினார்கள். வாய்க்கரிசி போட நேரமாகிவிட்டதாம்.

கையில் அரிசியோடு அவள் அவருடைய முகத்துக்கு நேரே நின்றாள். கேட்க எவ்வளவோ இருந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை, நான் யாருக்குச் சொல்லியிருப்பேன், என் பிள்ளையைவிட எனக்கு அம்மன் பெரிதென்று உமக்கு யார் சொன்னது. மனிதர் நல்லாய்த் தப்பிவிட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் அவள் அழவில்லை என்பதைக் கவனித்தார்கள். "அழுகா, அழுதிரு, நெஞ்சடைக்கும்" என்றாள் ஒருத்தி. அவள் அரிசியைப் போட்டாள். ஒரு மணி அவருடைய மீசையில் ஒட்டிக்கொண்டு நின்றது. வேறு நாளென்றால் தட்டிவிட்டிருப்பாள். விட்டுவிட்டாள்.

சவப்பெட்டி கடப்படியைத் தாண்டியது. ஆண்கள் எல்லோரும் சுடலைக்குப் போனார்கள். கடைசி ஆளாகச் சிவதர்சனும் தயங்கித் தயங்கிப் பின்னால் போனான். வினாயகமூர்த்தி அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் நடந்தார். பெண்கள் ஹோலைக் கழுவி விட்டுக் கிணற்றடியில் ஒவ்வொருவராகத் தலை முழுகத் தொடங்கினார்கள்.

பாலசுந்தரி கிணற்றடிக்குப் போகவில்லை. வேலியோரம் நின்ற நொச்சியிலும் பாவட்டையிலும் கைகொள்ளுமட்டும் இலை முறித்துக்கொண்டு வந்தாள். கொல்லைப் பக்கத்து அடுப்பில் பெரிய பானையை வைத்துத் தண்ணீர் ஊற்றி, இலையைப் போட்டு, நெருப்பு மூட்டினாள். புகை எழும்பியதும் தமையன் மனைவி செல்லத்தங்கம் ஈரச் சேலையோடு ஓடி வந்தாள்.

"என்ன மச்சாள் செய்யிறீங்க? செத்த வீட்டில அடுப்பு மூட்டுறயா? சாப்பாடு அயலுக்க இரிந்து வரும்தானே."

"இது போன வைகாசியில மூட்டியிரிக்கவேண்டிய அடுப்பு மச்சாள்."

"என்னத்துக்கு?"

"புள்ளப் பெத்தவளுக்குத் தண்ணி வாக்க."

செல்லத்தங்கம் கம்சாயினியைப் பார்த்தாள். கிணற்றடியில் நின்றவர்களும் பார்த்தார்கள். கம்சாயினி வாழை மரத்தடியில் நின்றபடி அழுதாள். "அம்மா, வேணாம், எல்லாம் முடிஞ்சிதானே" என்றாள். பாலசுந்தரி விறகைத் தள்ளிக்கொடுத்தாள். தண்ணீர் கொதித்து இலை கறுத்தது. பானையைத் தானே இறக்கிக் கிணற்றடிக் கல்லுக்குக் கொண்டுவந்தாள். மகளைப் பிடித்து அந்தக் கல்லில் இருத்தினாள். பின்னலை அவிழ்த்தாள். அவளுக்குக் கோபம் தீரவில்லை. தீரப்போவதுமில்லை. செம்பை நிறைத்து மகளின் தோளில் ஊற்றினாள்.

"சுடுதும்மா."

"சுடட்டும்," என்றவள், அடுத்த செம்பில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தாள்.