தராசுக்காரனின் அக்கா

உதவி கேட்டுப் பாருங்கள், ஆலோசனை வந்து குவியும். அக்கா கேட்டது உதவிதான். "நான் பதிமூணு கிலோ குறைக்கணும், ஆறு மாசம்தான் இருக்கு, எல்லாரும் கொஞ்சம் கூட இருங்க" என்று சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போனில் செய்தி அனுப்பினாள். அரை மணி நேரத்தில் பதில்கள் கொட்டின. வெந்நீர் குடி என்றாள் சித்தி. வெந்நீரைத் தொடாதே என்றார் பெரியப்பா. மூன்று வேளையும் வெள்ளரிக்காய் தின்றே தன் மாமியார் பாதியாகிவிட்டதாக அத்தை மகள் எழுதினாள். அந்த மாமியாரை அக்கா போன மாதம்தான் பார்த்திருந்தாள், முழுசாகத்தான் இருந்தார். காலையில் கூட நடக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அக்காவுக்கு வயது நாற்பத்தாறு, எடை எண்பத்தெட்டு. அந்த எண்பத்தெட்டோடு அவள் பல வருடமாகச் சமாதானமாகத்தான் குடித்தனம் நடத்திவந்தாள். இப்போது தம்பியின் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு படுத்துக்கிடக்கிறான். அவன் பெண்டாட்டியின் ரத்தம் அவனுக்குச் சேரவில்லை. அக்காவுடையது சேர்ந்தது. அதைக் கேட்டதும் அக்கா அங்கேயே சட்டைக் கையை மடித்துவிட்டாள், தன் சிறுநீரகம் ஒன்றை அப்போதே எடுத்துக்கொள்ளட்டும் என்பதுபோல. டாக்டர் சிரித்துவிட்டார். இந்த எடையில் உங்களை ஆபரேஷன் மேசையில் படுக்கவைக்க மாட்டேன், எழுபத்தைந்துக்குக் கீழே வந்ததும் போன் பண்ணுங்கள், அதுவரை இங்கே அலைய வேண்டாம் என்றார். ஆறு மாதம் தாண்டினால் பரிசோதனை எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். தம்பியின் உடம்பு அதுவரை தாங்குமா என்று கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை.

தம்பியும் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும், "வாக்கா, பஸ் போயிடும்" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து போய்விடுவான், அல்லது மின்விசிறியைப் பற்றிப் பேசுவான். அக்கா நன்றியை எதிர்பார்க்கிற ஆள் இல்லை. ஆனாலும் அவன் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா இந்த வீட்டோடு வந்துவிட்டவள். பகலில் துணி ஆல்டரேஷன் கடையில் வேலை. தம்பி தராசு ரிப்பேர் செய்கிறவன். கடை கடையாகப் போய், எடை மிஷினைப் பிரித்து, முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்து மூடிவிட்டு வருவான். இருபத்திரண்டு வருடத்தில் எந்த வியாபாரிக்கும் பத்து கிராம் கூட்டிக் குறைத்துக் கொடுத்ததில்லை. அதனால் அந்த வீட்டில் ஒரு திமிர் உண்டு. ஊரில் உள்ள தராசெல்லாம் பொய், தம்பி தொட்டது மட்டும்தான் மெய். இருபது கிராம் குறைகிறது என்று தக்காளியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துச் சண்டை போட்ட பெருமை தம்பி பெண்டாட்டிக்கு இருக்கிறது. சமையலறையில் அதற்கென்றே ஒரு சின்னத் தராசு வைத்திருந்தாள்.

அக்கா நிற்பதற்காகப் பெரிய மிஷின் ஒன்றை அவனே கொண்டுவந்து நடையில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் அக்கா ஏறி நிற்க, தம்பி பெண்டாட்டி காலண்டரில் எண்ணை எழுதிவைப்பாள்.

கடைசியில் நடக்கக் கூட வந்தவளும் அவள்தான். விடிவதற்கு முன்பே கதவைத் தட்டிவிடுவாள். கூட நடக்கிறாள் என்று பெயரே தவிர, பத்தடி முன்னால் போய் நின்று, "வாங்கண்ணி, வாங்க, அந்த விளக்குக் கம்பம் வரைக்கும்" என்று விரட்டுவாள். ஒரு விளக்குக் கம்பத்துக்கு அடுத்து இன்னொன்று இருக்கும் என்பது அக்காவுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் போனாள்.

தையல் கடையிலும் அக்கா சொல்லிவைத்திருந்தாள். அவள் கண்முன்னால் யாரும் எதுவும் தின்னக்கூடாது. எல்லோரும் நல்லவர்கள், வாக்குக் கொடுத்தார்கள். அதன்பிறகு துணி போட்டுப் பார்க்கும் அறையின் திரைக்குப் பின்னாலிருந்து பிஸ்கட் கடிபடும் சத்தம் வரும். பொத்தான் துளை தைக்கிற காஜாக்காரி வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "உள்ள எலி இருக்குக்கா" என்பாள். எலிக்கு ஏலக்காய் வாசனை பிடிக்கும்போல.

நாளின் நல்ல நேரம் சாயங்காலம்தான். அக்காவும் தம்பியும் வாசற்படியில் உட்கார்வார்கள். இவளுக்குச் சாப்பாட்டில் கட்டுப்பாடு, அவனுக்குத் தண்ணீரில். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர், அவ்வளவுதான்.

"இன்னிக்கு என்ன வேணும் உனக்கு?" என்பாள்.

"ஒரு பெரிய சொம்பு. விளிம்பு வரைக்கும். அண்ணாந்து, நிறுத்தாம, நெஞ்செல்லாம் நனையணும். உனக்கு?"

"ரொட்டி. சூடா. வெண்ணெய் வச்சா அது பாட்டுக்கு உருகணும். நாலு. இல்ல, ஆறு."

"ஆறா? அடிப்பாவி."

இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். சிரித்து ஓய்ந்ததும் தெரு வெறுமனே கிடக்கும். இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று அக்கா காத்திருப்பாள். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவான்.

முதல் மூன்றரை மாதம் எடை மளமளவென்று இறங்கியது. எண்பத்தைந்து, எண்பத்துமூன்று, எண்பத்திரண்டு. அதோடு நின்றுவிட்டது. என்ன செய்தும் நகரவில்லை. எண்பத்திரண்டு, எண்பத்திரண்டே கால், மறுபடி எண்பத்திரண்டு. ஒன்பது ஞாயிற்றுக்கிழமை காலண்டரில் அதே எண். இரவுச் சாப்பாட்டை அரை முட்டையாக்கினாள். இன்னொரு தெரு கூட நடந்தாள். அந்த ஒன்பதாவது வாரத்தில் ஒருநாள் வழியில் மருந்துக்கடை மிஷினில் ஏறினாள், எழுபத்தாறு காட்டியது. வீட்டில் வந்து அதைச் சொல்ல, "அது காத்தடிச்சாலே ஆடுற மிஷின்கா" என்றான் தம்பி. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். தராசுக்காரன் வீட்டில் வேறென்ன செய்வாள்?

கெடுவுக்குப் பதினோரு நாள் இருந்தபோது காலை நடையை முடித்துத் திரும்பும் வழியில் தம்பி பெண்டாட்டி நின்றாள்.

"அண்ணி, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளும்மா."

"கடையில ஏதாவது சாப்பிடுறீங்களா? எங்களுக்குத் தெரியாம?"

அக்காவுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. "என்னம்மா இப்படிக் கேட்டுட்ட?"

"பின்ன எப்படி அண்ணி குறையாம இருக்கும்? என்னால குடுக்க முடிஞ்சிருந்தா உங்களை இப்படி விரட்டுவேனா? எனக்கு அவர் வேணும் அண்ணி. உங்க கால்ல வேணா விழுறேன், வாயை மட்டும் கட்டுங்க."

சொல்லிவிட்டுத் தெருவிலேயே அழுதாள். அக்காவால் அவளைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் தம்பியின் எதிரிலேயே உட்கார்ந்து, "திருட்டுத் தீனி தின்னுறேன்னு உன் பெண்டாட்டி நினைக்கிறாடா" என்று அழுதாள். அவன் தலை நிமிரவில்லை.

அன்று கடையில், உயர அலமாரியிலிருந்து நூல்கண்டு எடுக்கக் கையைத் தூக்கினாள். பாவாடை வழுக்கி இடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. காஜாக்காரி ஓடி வந்து பிடித்தாள்.

"மூணு தடவை பிடிச்சுத் தச்சுக் குடுத்துட்டேன்கா இந்தப் பாவாடையை. இனிமே பிடிக்க இதுல துணி இல்ல."

"எப்ப மூணு தடவை?"

"தேதி வேணுமா? போன மாசம் ஒண்ணு, அதுக்கு முந்தின மாசம் ரெண்டு." அவள் டேப்பை அக்காவின் இடுப்பில் சுற்றினாள். "முப்பத்தாறு. நீங்க ஆரம்பிச்சப்ப நாப்பத்தி மூணு. பாதிக்கு மேல இந்த ரெண்டு மாசத்துல போனது."

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். ஆயிரம் இடுப்பை அளந்தவள், தன் இடுப்பை மட்டும் அளக்கவில்லை. அவள் வீட்டில் அளவு என்றால் தராசு, அதுவும் தம்பியுடைய தராசு. வேறொன்றை நம்ப அவளுக்குத் தோன்றவே இல்லை. தலைவலி என்று சொல்லி மத்தியானமே கிளம்பிவிட்டாள்.

தம்பிக்கு அன்று ஆஸ்பத்திரி இல்லை. உள்ளறையில் ஏதோ கடைக்காரரின் மிஷினைப் பிரித்து வைத்திருந்தான். அவன் பெண்டாட்டி வேலைக்குப் போயிருந்தாள். அக்கா சமையலறைக்குப் போய், இன்னும் பிரிக்காத மாவுப் பையை எடுத்துச் சின்னத் தராசில் வைத்தாள். சரியாக ஐந்து கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு வந்து நடையில் இருந்த பெரிய மிஷினில் வைத்தாள். ஐந்து கிலோ நானூறு.

"இங்க வாடா," என்றாள்.

வந்து பார்த்தான். முகம் செத்துவிட்டது. "தரை சமமா இல்லக்கா."

"நான் தையக்காரி. ஆனா முட்டாள் இல்ல."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தான்.

"எத்தனை நாளா?"

"ஒம்பது வாரமா. சனிக்கிழமை சனிக்கிழமை கொஞ்சம் ஏத்தி வைப்பேன்."

அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பட்டினி கிடந்தேன்டா நான். உன் பெண்டாட்டி என்னைத் திருடின்னா. நான் அழுதேன், நீ எதிர்லயே உக்காந்திருந்த. கல்லுல செஞ்சதாடா உன் மனசு? என்கிட்ட வாங்கிக்க இஷ்டமில்லன்னா, வாயைத் தொறந்து வேணாம்னு சொல்றதுக்கு என்ன?"

"அதுதான் வரல."

"என்ன வரல?"

"வேணாம்ங்கிற வார்த்தை." அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு தினம் சொல்லிப் பாப்பேன். வேணாம்கா, எனக்காக உன் உடம்பை அறுத்துக்காத, உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் அந்த உயிரை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு. மனப்பாடமா இருக்கும். வீட்டுக்கு வந்து உன்னைப் பாத்தா வாய் எழும்பாது. ஏன்னா எனக்கு வேணும்கா. இருக்கணும்னு இருக்கு எனக்கு. நாப்பத்தோரு வயசுதான் ஆகுது. வேணாம்னு சொன்னா நீ நம்பிட்டா? கேக்கவும் வெக்கம், விடவும் மனசு இல்ல. அதான் மிஷின் சொல்லட்டும்னு விட்டேன். நீயா சலிச்சு விட்டுட்டா யார் மேலயும் பழி இல்லன்னு."

வாழ்நாள் முழுக்க ஒரு பொய் எடை காட்டாதவன், காட்டிய ஒரே பொய் இது. அக்காவுக்கு அவனை நாலு சாத்து சாத்த வேண்டும்போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"மொதல்ல இதைச் சரி பண்ணு," என்றாள்.

எடைக்கல்லைத் தூக்க அவன் எழுந்தான். ஆஸ்பத்திரியில் ஊசி குத்துகிற கையில் பாரம் தூக்கக்கூடாது என்று அவனைத் தள்ளிவிட்டு, இருபது கிலோக் கல்லை அவளே இழுத்துக்கொண்டு வந்தாள். வை என்றபோது வைத்தாள், எடு என்றபோது எடுத்தாள். அவன் பொத்தான்களை அழுத்தினான். பிறகு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள்.

எழுபத்தாறு கிலோ நூறு கிராம்.

"அடப்பாவி, மருந்துக்கடைக்காரன் யோக்கியன்டா," என்றாள். இன்னும் ஒரு கிலோ சொச்சம். பதினோரு நாள். முடிகிற காரியம்தான்.

"இதை உன் பெண்டாட்டிகிட்ட நீயேதான் சொல்லணும்."

"கொன்னுடுவாக்கா."

"ஆபரேஷன் முடியிற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்றேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா மிஷினை விட்டு இறங்கவில்லை.

"கேளுடா."

"என்னத்தைக் கேக்க?"

"வேணும்னு கேளு. நானாவே நீட்டிக்கிட்டு எத்தனை நாள்டா நிப்பேன்? வேண்டாத வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு. அரை முட்டையைத் தின்னுட்டுப் படுக்குறப்ப ஒவ்வொரு நாளும் நினைப்பேன், இவனுக்கு நிஜமா நான் வேணுமான்னு. ஒரே ஒரு தடவை கேளு. அந்த ஒரு கிலோவை நான் பாத்துக்குறேன்."

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். தம்பி கண்ணைத் துடைத்தான், மூக்கை உறிஞ்சினான், தொண்டையைச் சரிசெய்துகொண்டான். மின்விசிறியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"எனக்கு ஒண்ணு குடுக்கா," என்றான்.

"தரேன்டா," என்றாள் அக்கா. "தரேன்டா, தங்கம்."