பித்தப்பைக் கல் என்று சொன்னோம்

1

இதை எழுதச் சொன்னது என் அக்காதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடப்பிறந்தவளைக் கதையாக்கிப் பேர் வாங்கப் பார்க்கிறாள் என்று பிறகு யாரும் முணுமுணுக்க வேண்டாம்.

அக்காவுக்கு நடுவில் சில நாட்கள் இல்லை. மறந்துவிட்டாள் என்று சொன்னால் போதாது. மறந்தது எப்போதாவது நினைவுக்கு வரும். இது பக்கத்தைக் கிழித்து எடுத்த மாதிரி.

"அந்த நாட்கள்ல எனக்கு என்னடி நடந்துச்சு? எழுதிக் குடு. நீ வாயால சொன்னா மறுநாளே எனக்கு நிக்க மாட்டேங்குது."

"எழுதினா அப்படியேதான் எழுதுவேன். அப்புறம் அழக்கூடாது."

"நீ என்னைக்குத்தான் பூசி மெழுகின? எழுது. நான் படிச்சப்புறம் யாருக்கு வேணா காட்டிக்கோ."

ஆக, இதன் முதல் வாசகி அவள். நீங்கள் அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறீர்கள். பாருங்கள். சும்மா 'ச்சு' கொட்டாமல் இருந்தால் சரி.

2

முதல் தொடக்கம்: "மருத்துவமனையின் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே அவள் ஒரு வாடிய—"

அடித்துவிட்டேன். சுவர் பச்சை. அதுவும் பாதி வரைக்கும்தான். அக்கா வாடிய எதைப் போலவும் இல்லை. அக்காவைப் போலத்தான் இருந்தாள்.

இரண்டாம் தொடக்கம்: "அழகுக்கு ஆசைப்பட்டு ஆபத்தை விலைக்கு வாங்கிய—"

இதைத் தாள் கிழியும்வரை அடித்தேன். இந்தக் கதையைத்தான் நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரியும். இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள், பட்டாள், திருந்தினாள். நாமும் நாலு நாள் நடைப்பயிற்சி போவோம். மன்னிக்கவும், அந்தக் கதை இங்கே கிடையாது. அக்காவுக்கு முழங்கால் தேய்ந்திருந்தது, சர்க்கரை ஏறியிருந்தது, படுத்தால் மூச்சு நின்று நின்று வந்தது. டாக்டர் சொன்னார், யோசித்தாள், செய்துகொண்டாள். அது தப்பில்லை. அவளைப் போலவே செய்துகொண்டவர்கள் நிறையப் பேர் நன்றாக இருக்கிறார்கள்.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கற்பவர் ஓட்டுவார். பக்கத்து சீட்டில் அக்கா. அவள் காலடியில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக். "மேடம் ஏறினாலே வண்டி பாதி பிரேக் போட்ட மாதிரிதான்" என்று பின்சீட்டில் முறைக்குக் காத்திருப்பவன் சொல்வான். அவன் முடிப்பதற்குள் அக்கா சிரித்துவிடுவாள். அவள் சிரித்தால் மற்றவர்கள் கொஞ்சம் குறைவாகச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாம் தொடக்கம்: "ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா தினமும் தெருவைச் சுற்றி நடந்தாள், இளைப்பதற்காக இல்லை, இளைத்ததற்குச் சாட்சி வைப்பதற்காக."

இது இருக்கட்டும்.

3

ஆபரேஷன் விஷயம் எங்கள் மூன்று பேரைத் தாண்டக்கூடாது. அம்மாவிடமும் என்னிடமும் சத்தியம் வாங்கினாள்.

"உனக்கு என்ன பயம்? திருடினியா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா என்ன சொல்வாங்கன்னு நினைக்கிற? 'வாயைக் கட்டத் துப்பில்ல, வயித்தை வெட்டிக்கிட்டா'ன்னு சொல்வாங்க. குண்டா இருந்தப்பவும் பேசினாங்க, இளைச்சாலும் பேசணுமா? நானா நடந்து இளைச்சதா இருக்கட்டும். ஒரே ஒரு தடவை எனக்கு நல்ல பேர் கிடைக்கட்டும்டி."

சத்தியம் செய்துகொடுத்தேன்.

வேலை செய்யும் இடத்தில், தெருவில், சொந்தத்தில், எல்லோருக்கும் ஒரே பதில்: பித்தப்பையில் கல், எடுத்துவிட்டார்கள். பொருத்தமான பொய். வயிற்றில் அங்கங்கே சின்னச் சின்னத் தழும்புதான். அதற்கும் அப்படித்தான் இருக்கும், இதற்கும் அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் தேறியதும் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, எல்லோரும் வாசலில் நிற்கும் நேரமாகப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். எதிர்வீட்டுத் தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள்.

"அடேங்கப்பா! நடந்தே இவ்வளவு இளைச்சுட்டியா?"

"மனசு வச்சா முடியாததா?" என்பாள் அக்கா. வீட்டுக்குள் வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போய் வாந்தி எடுப்பாள்.

4

இந்தப் பகுதியை எழுதும்போது எழுந்து எழுந்து நடக்கிறேன். உட்கார முடியவில்லை.

முதலில் சோறு நிற்கவில்லை. பிறகு கஞ்சி. பிறகு தண்ணீர். கொடுத்த சத்து மாத்திரைகள் போன வழியே திரும்பி வந்தன.

"வேலை செய்யுது" என்றாள் அம்மா. "வயித்தைச் சின்னதாக்கினா வாந்தி வராதா பின்ன?"

"வாந்தி விடலைன்னா உடனே வரச் சொன்னாங்கம்மா. நம்ம மூணு பேரும் கேட்டோம்."

"படிச்சவ வந்துட்டா. ஒரு டிகிரி வாங்கினா டாக்டராயிடுவியா?"

(எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். மின்சாரக் கட்டணம் முதல் ஜுரம் வரை எல்லாவற்றுக்கும் 'நீ படிச்சவ, நீ பாரு' என்பார்கள். பார்த்துச் சொன்னால் 'படிச்ச திமிரு' என்பார்கள்.)

அக்காவும் வர மாட்டேன் என்றாள். "அந்த ஆஸ்பத்திரிக்கு யாரு போவாங்கன்னு ஊருக்கே தெரியும். வாசல்ல யாராவது பார்த்தா முடிஞ்சுது கதை. போன்ல கேட்டுக்கறேன்." கேட்கவில்லை.

பிறகு கால் மரத்தது. எடை குறைந்த பலவீனம் என்றோம். பிறகு, "தெருமுனைல ரெண்டு கம்பம் நட்டிருக்காங்களே, எப்போ?" என்றாள். இருந்தது ஒன்று. கண்ணாடி மாற்றணும் என்றோம். பிறகு காலை அகட்டி வைத்து, படகில் நடப்பவளைப் போல நடந்தாள். தையல்காரி கை தட்டினாள். "நடையே மாறிப்போச்சு! ஃபேஷன் ஷோவா?" பிறகு கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பசிக் கோபம் என்றோம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தோம். எல்லாம் சேர்ந்து ஒன்றுதான் என்று யாரும்—

(முடிக்காமல் விடுகிறேன். முடித்தால் யாரையாவது அடிக்கத் தோன்றும்.)

* இதைக் கதைக்குள் வைக்கக்கூடாது என்று கதை எழுதச் சொல்லிக்கொடுப்பவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்கு வாந்தி நிற்காமல் இருந்து, நடை தள்ளாடி, பார்வை இரண்டாகி, பேச்சு குழம்பினால் அது பலவீனம் இல்லை. உடம்பில் சேர்த்து வைத்திருந்த ஒரு வைட்டமின், பி1, தீர்ந்துபோய் மூளை பட்டினி கிடக்கிறது. ஆபரேஷன் ஆன புதிதில் நெஞ்சு படபடவென்று அடித்து, காய்ச்சலும் வயிற்று வலியும் மூச்சுத்திணறலும் வந்தால் அது வேறு ஆபத்து. தையல் போட்ட இடம் கசியலாம். இரண்டுக்கும் வீட்டில் உட்கார்ந்து பெயர் வைக்கக்கூடாது. ஓட வேண்டும். போன இடத்தில் என்ன ஆபரேஷன் என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். கதை இங்கிருந்து தொடர்கிறது.

5

அக்கா விழுந்த அன்று நான் ஆபீசில் இருந்தேன். ஊருக்கு வந்திருந்த அத்தையும் அம்மாவும்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் செய்த இடத்துக்கு இல்லை. பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு.

முதல் வரைவில் அங்கிருந்த டாக்டரை வில்லனாக்கியிருந்தேன். போனை நோண்டிக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு, நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காத ஆள். எழுதும்போது நன்றாக இருந்தது. யார்மேலாவது கோபம் போய் உட்கார வேண்டுமே. ஆனால் அந்த ஆள் பொய். அம்மாவிடமும் அத்தையிடமும் தனித்தனியாகக் கேட்டேன். அந்த மனிதர் குனிந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்.

"சமீபத்துல ஏதாவது ஆபரேஷன் நடந்ததாம்மா?"

அம்மாவின் தோளை ஒட்டி அத்தை நின்றிருந்தாள். அத்தையின் காதுக்குப் போனது அன்றைக்கே சொந்தம் முழுக்கப் போய்விடும்.

"பித்தப்பைல கல்லு எடுத்தாங்க டாக்டர்" என்றாள் அம்மா.

அவர் தழும்புகளைப் பார்த்தார். பொருந்தியது. வாந்தி, சோர்வு, உடம்பில் தண்ணீர் இல்லை. குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். அந்தப் பொய்க்கு அது சரியான வைத்தியம். உண்மைக்கு அதுவே கேடு. பி1 தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்சத்தையும் அது தின்றுவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா கண் திறந்திருந்தது. கருவிழி நிலையில்லாமல் ஆடியது.

"லேட்டா வர்றீங்க" என்றாள் என்னிடம். "சீட்டை முன்னாடி இழுத்துக்கோங்க. கால் எட்டுதா பாருங்க."

"அக்கா, நான்தான்."

"பயப்படாதீங்க. என்கிட்டயும் பிரேக் இருக்கு."

அம்மா பக்கம் திரும்பினேன். "டாக்டர்கிட்ட என்ன சொன்ன?"

அம்மா அத்தையைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வை போதும்.

"கல்லுன்னா சொன்ன? இங்கயுமா?"

"மெதுவாடி…"

"எதுக்கு மெதுவா? டாக்டர்! பித்தப்பையும் இல்ல, கல்லும் இல்ல. இரைப்பையைச் சின்னதாக்கியிருக்காங்க. அதுலேர்ந்து வாந்தி. தண்ணிகூட நிக்கல. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு சொன்னா."

அவர் முகம் மாறியது. எட்டிக் குளுக்கோஸை அடைத்தார். நர்ஸிடம் ஊசிப் பெயர் ஒன்றைச் சொன்னார். நர்ஸ் ஓடினாள்.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி, என்கிட்ட மறைக்கவா இவ்வளவும்?" என்றாள் அத்தை. "நான் அவ்வளவு கெட்டவளா?"

அத்தை அதற்கப்புறம் அக்காவின் காலைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். இதையும் எழுத வேண்டியிருக்கிறது. இவளையும் வில்லியாக்க முடியவில்லை. வில்லனே இல்லாமல் ஒரு கதையை வைத்துக்கொண்டு கோபக்காரி என்னதான் செய்வாள்?

6

மாற்று முடிவுகள்.

அ) நான் முன்னமே வந்துவிடுகிறேன். பாட்டிலை மாட்டுவதற்குள் கத்துகிறேன். சினிமா. வேண்டாம்.

ஆ) அத்தை அந்த வாரம் ஊருக்கு வரவில்லை. அம்மா உள்ளதைச் சொல்கிறாள். இதை எழுதிவிட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன், "அத்தை அங்க இல்லைன்னா உண்மையைச் சொல்லியிருப்பியா?"

கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். பிறகு சொன்னாள்: "தெரியலடி. சொல்லிச் சொல்லி எனக்கே அது கல்லாத்தான் ஆயிருந்துச்சு."

ஆ-வையும் அடித்துவிட்டேன்.

7

அக்கா பிழைத்தாள். ஆபரேஷன் செய்த இடத்துக்கே மாற்றி, ஊசிமேல் ஊசி போட்டு, வாந்திக்குக் காரணமான அடைப்பையும் சரி செய்தார்கள். கண் நேரானது. நடை கிட்டத்தட்ட நேரானது. மனசில்தான் ஓட்டை. பழசெல்லாம் சுத்தமாக இருக்கிறது. புதிதாக வருவது தங்குவதில்லை. தங்காத இடத்தை அவள் எதையாவது வைத்து அடைத்துவிடுகிறாள். நடக்காத ஒன்றை, அன்று அடித்த வெயில், போட்டிருந்த செருப்பு உட்படச் சொல்கிறாள். பொய் இல்லை என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு அது நடந்ததுதான். நான் இத்தனை தாளைக் கிழித்தும் வராத விவரம் அவளுக்கு மூச்சுவிடாமல் வருகிறது. பொறாமையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். இதற்குமேல் என்னிடம் கதை கிடையாது.

அக்கா குளித்து, வேலைக்குப் போகும் உடுப்பைப் போட்டு, தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு நின்றாள். வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார். அவளே போன் போட்டு வரவழைத்திருக்கிறாள். கற்க வந்த சின்னப் பெண் ஒருத்தி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலாளி இறங்கி வந்தார்.

"டாக்டர் ஓகே சொல்லிட்டாராமே! மேடம் சொன்னாங்க. ரொம்பச் சந்தோஷம்மா."

"ஆமா" என்றாள் அக்கா. "போன தடவை போனப்போ சொன்னார். என் முட்டியைத் தட்டிப் பார்த்துட்டு, 'இனிமே தாராளமா வண்டில உட்காரலாம்'னு. இவளும் கூட இருந்தா. சொன்னார்லடி?"

நான் கூட இருந்தேன். இப்போது கூடாது என்றார். மறுபடி சோதித்துப் பார்ப்போம், வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

சமையலறை வாசலில் அம்மா. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வண்டி ரிப்பேர், அப்புறம் வாங்கன்னு ஏதாவது சொல்லிடு. அவ மனசு தாங்காது" என்றாள்.

அடுத்த கல்.

"சொல்லலக்கா" என்றேன்.

"சொன்னார்டி."

"சொல்லல. இப்ப கூடாதுன்னுதான் சொன்னார்."

முதலாளி செருப்பைப் பார்த்துக்கொண்டார். அக்கா சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வந்திருந்தால் எனக்குச் சுலபம். சண்டை போடத் தெரியும். அவள் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்போ எனக்கு ஞாபகம் இருக்கறதுல எதுடி நடந்தது?"

இதற்கு நான் நான்கு பதில் எழுதினேன். நான்கும் நன்றாக வந்திருந்தன. ஒன்றைப் படித்து எனக்கே கண் கலங்கியது. நான்கையும் அடித்துவிட்டேன். உண்மையில் நான் பதிலே சொல்லவில்லை; உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். வண்டி இன்னும் போகவில்லை.

வாசகர்களே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

அக்கா, இந்தத் தாளை இப்போது கொண்டுவந்து உன் கையில் தரப்போகிறேன். அடித்ததெல்லாம் நடக்கவில்லை. அடிக்காததெல்லாம் நடந்தது. நீ கேட்ட நாட்கள் இதற்குள் இருக்கின்றன. அம்மா மேல் கோபம் வந்தால் வரட்டும். என்மேல் வந்தாலும் வரட்டும். வாசலுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்ல வேண்டுமோ, அதை நீயே சொல்லு. நான் பக்கத்தில் நிற்கிறேன். நீ சொன்னதை, சொன்னபடியே, இதற்குக் கீழே எழுதுகிறேன்.