மீட்டர் நான் மாட்டுனது

சேக் பரீத் யாரையும் நம்பமாட்டார். கம்பத்தில் பெட்ரோல் பங்குக்குப் போனால், பம்ப்பில் சைபர் விழுவதைப் பார்த்ததோடு நிற்காமல் தன் கேனை நீட்டுவார். ஐந்து லிட்டர் கேன். பால் அளக்கிற லிட்டரால் தண்ணீர் ஊற்றி அளந்து, ஆணியால் கோடு கீறி வைத்தது. டீசல் அந்தக் கோட்டைத் தொட்ட பிறகுதான் காருக்குள் போகும். பங்கில் நிற்கிறவர்கள் அவர் தலையைக் கண்டதுமே, "கலெக்டர் வந்துட்டாருய்யா, கேனப் புடி" என்று சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளட்டும். சிரிக்கிறவன்தான் முதலில் களவாடுவான் என்பது அவர் கட்சி.

அறுபத்தெட்டு வயதில் அவர் நம்பிய பொருள் ஒன்றே ஒன்று. அது ஒரு மீட்டர்.

இருபத்திரண்டு வருசம் ஜீப் ஓட்டியவர். விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருகிற ஜீப். தகரம் முழுக்கத் துரு தின்றுவிட்டது. எஞ்சின் மட்டும் குத்துக்கல்லாக இருந்தது. அதைத் தூக்கி, எஞ்சின் செத்துக் கிடந்த ஒரு பெட்ரோல் அம்பாசடருக்குள் வைத்தார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நான்கு மாதம் வேலை நடந்தது. கூட நின்று செய்தவர் ராயப்பன்பட்டி மெக்கானிக் ஸ்டீவன். எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டும் ஜீப்பினுடையவை. காரின் மீட்டர் ஓடவில்லை என்றதும், ஜீப் மீட்டரையே கழற்றிவந்து தன் கையால் மாட்டினார்.

"இருவத்திரெண்டு வருசம் எனக்குப் பொய் சொல்லாத சாமான் இது ஒண்ணுதேன்" என்றார்.

"அப்ப வீட்டுல ஆசியாம்மா பொய் சொல்லியிருக்காகளா, ராவுத்தரே?" என்று கேட்டார் ஸ்டீவன்.

"அவ சொன்னா கண்டுபிடிச்சிருவேன். நீ வேலையப் பாரு."

சும்மா சொல்லக்கூடாது. கம்பத்திலிருந்து தேனிக்கு ஜீப்பில் நாற்பது கிலோமீட்டர் காட்டிய மீட்டர், காரிலும் அதே நாற்பதைக் காட்டியது.

இத்தனை பாடும் மகனுக்காக. மகள் ரஃபியா கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தாள். வீட்டில் மிச்சம் அப்துல் வாஹித் ஒருவன். கம்பத்தில் பேக்கரியிலிருந்து வர்க்கியும் ரஸ்க்கும் எடுத்து, தேனி வரைக்கும் ரோட்டோரக் கடைகளுக்குப் போடுகிற லைன் அவனுக்கு. போக நாற்பது, வர நாற்பது. மஸ்கட்டில் இருந்த மனைவி ஆசியாவின் தம்பி, விசா இருக்கிறது வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வாஹித் ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டான்.

"அத்தா, வண்டி பன்னெண்டுதான் குடுக்குது. இப்பிடி ஓட்டுனா டீசலுக்குத்தான் நான் ஒழைக்கணும். லிட்டருக்குப் பதினஞ்சு குடுக்க வச்சுருங்க, மஸ்கட்டுப் பேச்சையே எடுக்கல. இல்லைன்னா நோன்புக்கு முந்திக் கெளம்பிர்றேன்."

பதினைந்து. அந்த எண் சேக் பரீத்தின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தொழும்போதும் பதினைந்து, சாப்பிடும்போதும் பதினைந்து.

காரின் தலைமேல் இருந்த கேரியரைக் கழற்றினார். பின்சீட்டைப் பிடுங்கிக் கொட்டகையில் போட்டார். நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றிவிட்டு, எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணினார். இடது பின்சக்கரம் இரண்டே சுற்றில் நின்றது. பிரேக் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது, அதைச் சரிசெய்தார். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைத் தேனியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். நல்லதை எடுத்துக்கொண்டு ஓட்டையை மாட்டிவிடுவான் என்று, வேலை முடிகிற வரை பட்டறைக்காரனின் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாயாவுக்குக்கூட நகரவில்லை. இவ்வளவுக்கும் வண்டி அசைந்துகொடுத்தது லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர்.

கடைசியில் ஸ்டீவன்தான் வழி சொன்னார்.

"மலையேறப் பொறந்த எஞ்சின் இது, ராவுத்தரே. சமதள ரோட்டுல சும்மா கத்திக்கிட்டு ஓடுது. பின்னாடி அச்சுல இருக்குற பல்லுச்சக்கரத்த, அதான் கிரவுன, மாத்துவோம். சக்கரம் ஒரு சுத்து சுத்த இப்ப எஞ்சின் அஞ்சு சுத்து சுத்துது. இனிமே நாலு சுத்துனாப் போதும். டீசல் தன்னால மிச்சம்."

மாற்றினார்கள். அதுவரை தொண்டை கிழியக் கத்திய கார், ஆள் தூங்குகிற வீட்டுக்குள் நடப்பதுபோல ஓடியது. ஸ்டீவன் கையைத் துடைத்துக்கொண்டே, "மீட்டருக்கும் ஒரு பல்லுச்சக்கரம் மாத்தணும்" என்றார்.

"மீட்டர்ல கை வச்ச, கைய ஒடச்சிருவேன்" என்றார் சேக் பரீத்.

ஸ்டீவன் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை வாஹித் லைனுக்குப் போய்த் திரும்பினான். மீட்டரில் அன்றைய ஓட்டம் அறுபத்து நான்கு. டேங்கைத் திரும்ப நிரப்பக் கேன் கோட்டுக்குச் சரியாக ஐந்து லிட்டர். சேக் பரீத் விரலை மடக்கினார். பன்னிரண்டும் கொசுறும். பழைய கதைதான். ஆனால் அவரைத் தைத்தது அது இல்லை. எண்பது ஓட வேண்டிய லைனில் அறுபத்து நான்கு எப்படி வந்தது? செவ்வாய்க்கிழமையும் அறுபத்து நான்கு. பாதி முப்பத்திரண்டு. ஜீப் ஓட்டியவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பத்திலிருந்து முப்பத்திரண்டாவது கிலோமீட்டர் வீரபாண்டி. பயல் வீரபாண்டியோடு திரும்பிவிடுகிறான். தேனிப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. நல்ல கடை எல்லாம் தேனியில்தான். லைனைச் சாகடித்துவிட்டு, வண்டியும் கொடுக்கவில்லை என்று சொல்லி, விமானம் ஏறப் பார்க்கிறான்.

புதன்கிழமை மத்தியானமே வாஹித் வெரசாக வந்து இறங்கினான். முகம் கொள்ளாத சிரிப்பு. கொட்டகையில் ஸ்டீவனும் இருந்தார்.

"அத்தா, ஒரு சமாச்சாரம்…"

சேக் பரீத் கண்ணாடி வழியாக மீட்டரை எட்டிப் பார்த்தார். அறுபத்து நான்கு.

"சமாச்சாரத்த நான் சொல்றேன். எவன் கூடடா வீரபாண்டியில உக்காந்துட்டு வர்ற?"

"வீரபாண்டியா? நான் தேனி வரைக்கும் போய்ட்டுல்ல வாரேன்."

"மூணு நாளா அறுவத்து நாலு. பறந்து போனியாக்கும்?"

வாஹித்துக்கு அப்போதும் சிரிப்புதான். "கிரவுன் மாத்துனோம்லத்தா. மீட்டருக்குக் கேபிளு கியர்பாக்ஸ்லருந்து வருது. அது கம்மியாச் சுத்துனா மீட்டரும் கம்மியாத்தான காட்டும்? மீட்டரப் பாக்காதீக. ரோட்டுல கிலோமீட்டர்க் கல்ல எண்ணிப் பாருங்க."

"கல்லா? கல்லு கவர்மெண்டு நட்டது. எண்ணூறு மீட்டருக்கு ஒண்ண ஊண்டிட்டு காண்ட்ராக்டர் மிச்சத்தத் தின்னுருப்பான். மீட்டர் நான் மாட்டுனது."

"சரி, கஸ்தூரியம்மா கடைக்குப் போன் போட்டுத் தாரேன். தேனியில கடைசிக் கடை அவுகதான். நீங்களே கேளுங்க."

"நீ சொல்லிக் குடுத்தத அந்தம்மா ஒப்பிக்கும், நான் கேக்கணும். பெத்தவன ஏமாத்துற களவாணிப்பயலே!"

"ராவுத்தரே, தோளுக்கு ஒசந்த பிள்ளையப் பாத்து…" என்றார் ஸ்டீவன்.

"நீயும் கூட்டுத்தான். எடத்தக் காலி பண்ணு."

வாஹித்தின் முகத்தில் இருந்த சிரிப்பு எந்த நேரத்தில் போனது என்று அவர் கவனிக்கவில்லை. சாவியை பானெட்மேல் வைத்தான். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பதினோராம் நாள் மஸ்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். வழியனுப்ப ஆசியாவும் ரஃபியாவும் போனார்கள். இவர் கொட்டகையில் இருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஆசியாவிடமிருந்து தட்டில் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஒருநாள் பார்க்கச் சகிக்காமல், பழனிசெட்டிபட்டியில் பழைய வண்டி வாங்குகிற பாண்டீஸ்வரனிடம் பேசினார். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றான் அவன். வருகிற ஆள் வழியிலேயே டயரை மாற்றிவிடுவான் என்று இவருக்குப் பட்டது. நானே கொண்டுவருகிறேன் என்றார். கிளச்சை மிதித்தால் இடது முழங்கால் உயிரை எடுக்கும். அதனால்தான் இத்தனை நாள் அவர் காரை ஊரைத் தாண்டி ஓட்டியதில்லை.

காலையில் கிளம்பினார். உத்தமபாளையம், சின்னமனூர். எஞ்சின் முனகவே இல்லை. வீரபாண்டி வந்ததும், வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தபடியே மீட்டரைப் பார்த்தார். வீட்டிலிருந்து இருபத்தைந்தரை ஓடியிருந்தது.

முப்பத்திரண்டு வர வேண்டிய இடம்.

ஸ்டீவன் ஏதோ கை வைத்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தார். காரை ஓரங்கட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். அவர் முறுக்கிய நட்டு, அவர் சுற்றிய டேப், அப்படியே இருந்தது. திரும்பக் கிளம்பி, கல்லை எண்ணிக்கொண்டு ஓட்டினார். கல் ஐந்து நகர, மீட்டர் நான்குதான் நகர்ந்தது. காண்ட்ராக்டர்தான் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பொருந்தவில்லை. இதே ரோட்டில், இதே கல்லைத் தாண்டி, இதே மீட்டர்தான் ஜீப்பில் நாற்பது என்றது. காண்ட்ராக்டர் கல்லைப் பிடுங்கி நடவில்லை. எஞ்சின் ஐந்து சுற்று சுற்றிய இடத்தில் இப்போது நான்கு சுற்றுகிறது. அந்தக் கிரவுனைக் கூடச் சேர்ந்து மாட்டியது அவர் கை.

பழனிசெட்டிபட்டியில் பாண்டீஸ்வரன் ரோட்டோரம் நின்று கையைக் காட்டினான். நிற்காமல் போனார். கஸ்தூரியம்மாள் கடை வாசலில் நிறுத்தியபோது, மீட்டரில் முப்பத்திரண்டு.

கார் சத்தம் கேட்டு அந்தம்மா எட்டிப் பார்த்தார்.

"வர்க்கித் தம்பி வண்டியில்ல இது? நீங்க அத்தாவா? தம்பிய எங்க ஆளையே காணோம்?"

"ஊர்ல இல்ல. இங்கன தெனம் வந்தானா?" என்று கேட்டார்.

"நல்லாக் கேட்டீக. பதினோரு மணின்னா டாண்ணு வந்து நிக்கும். கடைசியா ஒரு புதன்கெழம வந்துச்சு. ஒரே சந்தோசம். 'யக்கா, இன்னிக்குக் கல்ல எண்ணிக்கிட்டே வந்தேன், வண்டி பதினாறு குடுத்துருச்சு, நான் வெளிநாடு போகல, அத்தாட்டச் சொல்லணும், சீக்கிரம் எறக்குங்க'ன்னு நிக்க நேரமில்லாம ஓடுச்சு. அதுக்கப்புறம் வரவே இல்ல. என்னாச்சுங்க?"

சேக் பரீத் காருக்குள் வந்து உட்கார்ந்தார். எண்பதை ஐந்தால் வகுக்க அவருக்கு விரல் தேவைப்படவில்லை. போனை எடுத்து மகனின் படத்தை அமுக்கினார். நெடுநேரம் மணி அடித்தது.

"சொல்லுங்கத்தா."

"வாஹிது… வண்டி பதினாறு குடுக்குதுடா."

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம்.

"தெரியும்த்தா."

"வந்துருடா."

"ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வாங்கிட்டாக. இனி எங்கிட்டு வர? வண்டிய வித்துருங்கத்தா. ட்யூட்டி டைம், வச்சுர்றேன்."

திரும்பும்போது மீட்டரைப் பார்க்கவில்லை. கல்லையும் பார்க்கவில்லை. பாண்டீஸ்வரன் மறுபடியும் கையைக் காட்டினான், அவனையும் பார்க்கவில்லை. கம்பம் வந்து காரைக் கொட்டகைக்குள் விட்டார். முழங்கால் வீங்கி, இறங்க முடியாமல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி திரும்பி வந்த சத்தத்துக்கு ஆசியா பின்வாசலுக்கு வந்து நின்றாள்.

"பதினாறு குடுக்குது, ஆசியா" என்றார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள்.

"யாருக்கு?"